2பி ஒத்துப்பார்க்க இடைஞ்சல் இல்லாத இரண்டு மணி நேரம்: ஜிஎஸ்டி ஆபீஸில் எப்படி ஒதுக்குவது?

மஞ்சள்மண்டி கேட்டது:

ஈரோட்டில் சின்ன ஜிஎஸ்டி ஆபீஸ். நானும் மூன்று ஸ்டாஃபும். மாதாமாதம் ஃபைல் பண்ணும் பார்ட்டிகள் 90, காலாண்டுப் பார்ட்டிகள் 50 சொச்சம். பாதிக்கு மேல் ஜவுளி, மிச்சம் மஞ்சள் மண்டி, ஹார்டுவேர், இரண்டு ஹோட்டல்.

11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் கணக்கு) முடிந்த பிறகு 20-ம் தேதி 3பி (வரி கட்டும் மாதக் கணக்கு) வரைக்கும், அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை ஒன்றுதான்: டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றிய பர்ச்சேஸையும், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் 2பி பட்டியலையும் ஒத்துப்பார்ப்பது. தினமும் காலை 10 முதல் 12 வரை அதற்கு என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் நடப்பதில்லை. குறுக்கே வருவதைக் கோடு போட்டு எண்ணியதில் போன்தான் முதலிடம். அடுத்தது ஸ்டாஃபின் சந்தேகம். அதற்கப்புறம் ஃபைல் பண்ண ஓடிபி கேட்டுப் பார்ட்டியைத் துரத்துவது. நேரில் வருகிறவர்கள் கடைசி. வாட்ஸ்அப்பில் கொட்டும் பில் போட்டோக்களை எண்ணவே இல்லை.

எந்த நேரத்தை ஒதுக்குவது, போனை என்ன செய்வது, ஸ்டாஃபை எப்படி நிறுத்துவது? "மனசைக் கட்டுப்படுத்து" ரகப் பதில் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

---

சேலம்_பேரேடு:

முதலில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். "தினமும் இரண்டு மணி" என்பது குத்துமதிப்பு. 90 பேரைப் பர்ச்சேஸ் பில் எண்ணிக்கை வைத்துப் பிரித்தால் உங்கள் மாதிரி ஆபீஸில் ஏறக்குறைய இப்படி வரும்: நில் (வியாபாரமே இல்லாத மாதம்) 12, இருபது பில்லுக்குள் இருப்பவர் 45, நடுத்தரம் 18, பெரியவர் 15. சின்னதுக்கு 10 நிமிடம் வைத்தால் ஏழரை மணி. நடுத்தரத்துக்கு 25 வைத்தால் அதுவும் ஏழரை. பெரியதுக்கு 40 வைத்தால் பத்து மணி. மொத்தம் 25 மணி நேரம். இதில் நீங்களே உட்கார வேண்டியது அந்த 15 பேருக்கான பத்து மணி நேரம் மட்டும். மிச்சம் ஸ்டாஃப் வேலை, நீங்கள் வித்தியாசப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

2பி 14-ம் தேதி வருகிறது. 15 முதல் 19 வரை ஐந்து நாள், நடுவில் ஞாயிறு விழுந்தால் நாலு. நாலு நாளில் பத்து மணி என்றால் நாளுக்கு இரண்டரை. அந்த வாரத்தில் அது கிடைக்காது. எனவே 14 வரைக்கும் காத்திருக்காதீர்கள். சப்ளையர்கள் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிடுவார்கள், காலாண்டுக்காரர்கள் பில் ஏற்றும் ஐஎஃப்எஃப் 13-ல் முடிகிறது. 2ஏ என்பது 2பி போலவே ஒரு பட்டியல், ஆனால் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது. வந்த பில்லை ஏற்கவோ மறுக்கவோ போர்ட்டலில் உள்ள ஐஎம்எஸ் பக்கத்தில் சப்ளையர் சேவ் செய்ததுமே பில் தெரியும். ஆகவே 12, 13 தேதிகளில் பெரிய பார்ட்டிகளை 2ஏ வைத்தே முக்கால்வாசி ஒத்துப்பார்த்துவிடலாம். 14-க்கு மேல் 2பி-யில் புதிதாக வந்த பில்களும் விட்டுப்போனவையும் மட்டும். 40 நிமிட வேலை 15 நிமிடத்துக்கு இறங்கும். இப்படிப் பரப்பினால் நாளுக்கு ஒன்றரை மணி நேர பிளாக் ஒன்றே தாராளம்.

அந்த ஒன்றரை மணியையும் 75 நிமிடம் ஒத்துப்பார்ப்பு, 15 நிமிடம் முடிப்பு என்று வையுங்கள். முடிப்பு என்றால், எதுவரை பார்த்தாயிற்று என்று ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதுவது. "வரி 214 வரை சரி. 215-ல் சிஜிஎஸ்டி 90 ரூபாய் குறைவு, கிரெடிட் நோட்டா கேட்கணும்." இவ்வளவுதான். இது இல்லாவிட்டால் மறுநாள் முதல் பத்து நிமிடம் நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதில் போய்விடும். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை இந்த வேலைக்கு ஒத்துவராது. ஃபைலைத் திறந்து, ஃபில்டர் போட்டு, பார்ட்டியின் பழக்கவழக்கம் பிடிபடவே பத்து நிமிடம் ஆகிவிடும்.

நடுவில் எழுந்து போனால் நேரம் மட்டும் போகாது, தப்பும் வரும். எக்செல்லில் ஃபில்டர் போட்ட நிலையில் போன் எடுக்கிறீர்கள், திரும்பி வந்து ஃபில்டர் இருப்பதை மறந்து ஒரு பத்தியை பேஸ்ட் செய்கிறீர்கள். மறைந்திருக்கும் வரிகளிலும் போய் விழுந்துவிடும், திரையில் ஒன்றும் தெரியாது. அதனால் ரிமார்க்கை பேஸ்ட் செய்யாமல் ஃபார்முலாவால் கொண்டுவாருங்கள். சாவி பத்தி ஒன்று: சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணோடு, ரூபாய்க்கு முழுமையாக்கிய வரித் தொகை. பில் நம்பரை முதல் சுற்றில் நம்ப வேண்டாம். ஒருவர் சாய்கோட்டோடு போடுவார், டேலியில் உங்கள் பையன் வெறும் 45 என்று அடித்திருப்பான். முதல் சுற்றில் தொகையால் விழாதவற்றை மட்டும் இரண்டாம் சுற்றில் பில் நம்பரால் பிடியுங்கள். ஒரே தொகைக்கு ஒரே சப்ளையர் இரண்டு பில் போட்டிருந்தால் முதல் சுற்று ஏமாற்றும், அதற்கு ஒரு எண்ணிக்கைப் பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கொங்குத்தம்பி:

பேரேடு சார் கணக்கு சரிங்க. எந்த நேரம்ங்கறதுக்கு நான் சொல்றேன்.

10 முதல் 12 உங்களுக்குப் பிடிச்ச நேரம், அதே நேரம்தான் பார்ட்டிக்கும் பிடிச்ச நேரம். கடை திறந்து, பூஜை முடிஞ்சு, முதல் டீ குடிச்சுட்டு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன் போடற நேரம் அதுதாங்க. உங்க போனோட கால் ஹிஸ்டரியை எடுத்து, பதினஞ்சு நாளைக்கு மணிவாரியா எண்ணிப் பாருங்க. பள்ளம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். ஜவுளிப் பார்ட்டி அதிகம்னா செவ்வாய்க்கிழமை காலையை விடாதீங்க. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் போகுது, உங்க ஆளுங்க பாதிப்பேரு அங்கதான் இருப்பாங்க.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க: ராகு காலம். வெள்ளி 10.30 முதல் 12, சனி 9 முதல் 10.30. புது ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர், புது கணக்கு நோட்டுன்னு எதையும் அந்த நேரத்துல நம்ம ஊர்ல கொண்டாந்து நீட்ட மாட்டாங்க. ஆள் வரத்துக் குறையற நேரம் அது, நமக்கு அதுதான் வேணும். அதுக்காக புதன் 12 முதல் 1.30-ஐ எடுக்காதீங்க, பாதியில பசிச்சுடும்.

காலை 7 முதல் 8.30-ன்னு சில பேரு சொல்லுவாங்க. போர்ட்டலும் அப்ப லேசா ஓடும், ஒத்துக்கறேன். ஆனா வீட்டுல இருந்து பண்ற ஆளுக்கு அது சரி. ஸ்டாஃப் 9.30-க்கு வந்து, முந்தின நாள் ராத்திரி வந்த பில்லை ஏத்தாம இருந்தா நீங்க 7 மணிக்கு எதை ஒத்துப்பாக்கறது? ஏத்தற வேலை முந்தின நாள் சாயங்காலம் 6-க்குள்ள முடியணும், முடிஞ்ச பார்ட்டி பேரு போர்டுல எழுதியிருக்கணும். எழுதாத பேரை பிளாக்ல தொடவே கூடாது.

2பி எக்செல்லை முந்தின நாளே டவுன்லோடு பண்ணி வெச்சுடுங்க. மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே பேப்பர்ல வந்துடும், அதையும் பார்த்துக்குங்க. லேப்டாப்ல சார்ஜ் இருந்து ஃபைலும் கையில இருந்தா கரண்ட் இல்லாத காலைப்பொழுது அருமையான நேரம்ங்க. நெட் இல்ல, ஃபேன் இல்ல, பார்ட்டியும் உக்கார மாட்டான்.

---

அமைதி_மோடு:

போன் விஷயம். "சைலன்ட்டில் போடு" என்று சொல்வது எளிது. எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்துத்தான் அமைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் டூ நாட் டிஸ்டர்பைக் கிழமை, நேரம் போட்டுத் தானாக ஓட விடலாம். அதில் "மீண்டும் அழைப்பவர்கள்" என்று ஒரு அனுமதி இருக்கும். அதே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கவிடும் ஏற்பாடு. ஐபோன் ஃபோகஸில் இது 3 நிமிடம். நம் பார்ட்டிகள் எடுக்காவிட்டால் உடனே திரும்ப அடிக்கிறவர்கள். இந்த ஒரு அனுமதியால் டிஎன்டி போட்டும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அணைத்துவிடுங்கள். நட்சத்திரக் குறியிட்ட தொடர்புகளுக்கு மட்டும் அனுமதி: வீடு, பிள்ளைகளின் பள்ளி, ஆபீஸ் முன்மேசை எண். மூன்றுக்கு மேல் வேண்டாம். "பெரிய பார்ட்டி, அவர் கோபித்துக்கொள்வார்" என்று ஒருவரைச் சேர்த்தால் மாதக் கடைசியில் பதினைந்து பேர் இருப்பார்கள்.

இதற்கு அடுத்தபடி கால் ஃபார்வர்டிங். போன் செட்டிங்ஸில் "எடுக்காவிட்டால்" என்ற வகையை முன்மேசை எண்ணுக்குத் திருப்புங்கள். குரல் அழைப்பு மட்டும்தான் திரும்பும். ஓடிபி எஸ்எம்எஸ் உங்கள் சிம்முக்கே வரும், அதனால் பேங்க் வேலை தடைபடாது. முன்மேசையில் இருப்பவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி ஒட்டிவையுங்கள்: "சார் 12 மணிக்கு மேல் கூப்பிடுவார், விஷயம் என்னன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்." நேரம் சொல்லாமல் "பிஸியா இருக்கார்" என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு வரும். சொன்ன நேரத்தில் திருப்பிக் கூப்பிடவும் வேண்டும். இரண்டு முறை தவறினால் பார்ட்டி நேரே ஆபீஸுக்கு வந்துவிடுவார்.

வாட்ஸ்அப் பிசினஸில் "அவே மெசேஜ்" நேரம் போட்டு வைக்கலாம், யாருக்குப் போக வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். போனில் நெட் இல்லாவிட்டால் அது போகாது. எனவே டேட்டாவை அணைத்துவிட்டு அவே மெசேஜை நம்பிப் பயனில்லை. வாசகம் சுருக்கமாக: "பில் கிடைத்தது. 12 மணிக்குப் பார்க்கிறோம். வண்டி, இ-வே பில் அவசரம் என்றால் ஆபீஸ் எண்ணுக்கு அழைக்கவும்." போட்டோக்களை இறக்க, முன்மேசைக் கணினியை லிங்க் செய்யுங்கள், ஒரு கணக்கோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம். உங்கள் கணினியில் வாட்ஸ்அப் வெப்பை லாக்அவுட் செய்யுங்கள். மியூட் போதாது. டேபின் தலைப்பில் எண் ஏறுவது ஓரக்கண்ணில் பட்டாலே கை போய்விடும்.

---

மஞ்சள்மண்டி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஓடிபி பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்டாஃப் ஒரு பார்ட்டி முடித்ததும் "அண்ணா, ஃபைல் பண்ணிடலாமா, ஓடிபி வாங்கித் தாங்க" என்று வந்து நிற்கிறார்கள். இரண்டாவது, சரக்கு வண்டி வழியில் மாட்டிக்கொண்டால் யாராக இருந்தாலும் என்னிடம்தானே வருவார்கள்?

---

வரிவரியாய்:

ஓடிபி சிக்கலுக்கு மூலகாரணம், ஒத்துப்பார்ப்பதையும் ஃபைல் செய்வதையும் ஒரே வேலையாக நினைப்பது. இரண்டையும் பிரித்துவிடுங்கள் மேடம் அல்லது சார். காலையில் ஒத்துப்பார்த்து 3பி-யைச் சேவ் செய்வதோடு நிறுத்துங்கள். ஃபைலிங் மாலை 4.30 முதல் 5.30 வரை, மொத்தமாக. முந்தின நாள் சாயங்காலமே அன்றைய பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி: "நாளை மாலை 4.30-ல் இருந்து 5.30-க்குள் ஓடிபி வரும். வரி இவ்வளவு, சலான் அனுப்பியிருக்கிறோம், மதியத்துக்குள் கட்டிவிடவும்." பணம் கட்டாதவர் ஓடிபி பட்டியலில் ஏற மாட்டார். ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பேரை முடிக்கலாம்.

இந்தச் செய்தியை பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம்: உங்கள் எண்ணை அவர் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை. போகாத பார்ட்டி யார் என்று ஒரு முறை சோதித்து, எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஓடிபி கையொப்பதாரரின் மொபைலுக்கும் மெயிலுக்கும் வருகிறது. அதனால் பல ஆபீஸில் மெயில் ஐடியைத் தங்களுடையதாகவே போட்டுவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் துறையிலிருந்து வரும் நோட்டீஸும் உங்களிடமே வந்து நிற்கும், பார்ட்டிக்குத் தெரியாமல் கெடு தாண்டினால் பேச்சு உங்கள் மேல். நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பெனி, எல்எல்பி எல்லாம் டிஎஸ்சி (யுஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம்) போட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு 17, 18 தேதிகளில் மாலை நேரம் கொடுத்து, டோக்கனைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நேரில் வருகிறவர்களின் நேரமும் அதோடு ஒழுங்காகிவிடும்.

நில் பார்ட்டிகள் 12 பேரை இந்த வரிசையிலேயே வைக்காதீர்கள். பதிவான மொபைலில் இருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி அவர்களே நில் 3பி முடிக்கலாம்: நில், இடைவெளி, 3பி, இடைவெளி, ஜிஎஸ்டி எண், இடைவெளி, மாதமும் வருடமும் ஆறு இலக்கமாக. திரும்பி வரும் குறியீட்டை வைத்து உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு "அனுப்பிட்டேனே" என்பவர்கள் உண்டு. ஃபைல் ஆனதா என்று போர்ட்டலில் ஸ்டாஃப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒத்துப்பார்க்கும்போது விற்பனைப் பக்கத்தில் தப்பு கண்ணில் பட்டால் அங்கேயே திருத்த இறங்காதீர்கள். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து 3பி-யில் விற்பனை வரித் தொகை பூட்டப்பட்டுவிட்டது, ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் வழியாகத்தான் மாற்ற முடியும், அதுவும் ஒரு மாதத்துக்கு ஒரே தடவை. ஒரு தப்பைப் பார்த்த அவசரத்தில் 1ஏ போட்டுவிட்டு, அடுத்த வரியில் இன்னொரு தப்பு கிடைத்தால் வழியில்லை. தனித்தாளில் குறித்துக்கொண்டே போங்கள், மொத்தமாகப் பிறகு.

வண்டி விஷயம். உடனடியாகச் செய்தே ஆக வேண்டியது எது என்று பாருங்கள். இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) காலாவதி ஆகப்போகிறது என்றால் முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். வண்டி மாறினால் அதன் பகுதி பி-யில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். தப்பாகப் போட்டதை ரத்து செய்ய 24 மணி நேரம். மூன்றுமே ஸ்டாஃப் செய்யக்கூடியவை. இ-வே பில் தளத்தில் சப்-யூசர் உருவாக்கி அவர் மொபைலைப் பதிவு செய்தால் லாகின் ஓடிபி அவருக்கே வரும், உங்களைத் தேட வேண்டாம். வண்டியைப் பறக்கும் படை நிறுத்திவிட்டது என்று டிரைவர் கத்தினாலும் முதல் அரை மணியில் தேவைப்படுவது இன்வாய்ஸ் நகலும் இ-வே பில் எண்ணும்தான். அதை அனுப்ப ஒரு பக்கக் குறிப்பு எழுதி முன்மேசையில் வையுங்கள். அதிகாரி எழுத்தில் ஏதாவது கொடுத்தால் அப்போது உங்கள் கதவைத் தட்டட்டும்.

---

சேலம்_பேரேடு:

ஸ்டாஃப் சந்தேகத்துக்கு ஒன்று விட்டுப்போனது. "பிளாக் நேரத்தில் வராதே" என்று மட்டும் சொன்னால், அவர்கள் ஊகித்து எதையாவது போட்டுவிடுவார்கள், அதைத் திருத்துவது இன்னும் வம்பு. ஒரு சந்தேக நோட்டு வையுங்கள். நான்கு பத்தி: பார்ட்டி, பில் நம்பர், சந்தேகம், "நான் நினைக்கும் பதில்". நாலாவது பத்திதான் முக்கியம். எழுதும்போதே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். எழுதிவிட்டு அந்தப் பில்லைத் தனி டிரேயில் போட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். பிளாக் முடிந்ததும் பதினைந்து நிமிடம் நோட்டோடு உட்காருங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் பதிலை முன்மேசையில் ஒட்டுங்கள். ஹோட்டல் பில்லில் இன்புட் வரிக் கழிவு எடுக்கலாமா, கார் சர்வீஸ் பில்லை என்ன செய்வது என்று மாதாமாதம் அதே ஏழெட்டுக் கேள்விதான் சுற்றும்.

இடமும் பாருங்கள். கண்ணாடிக் கதவாக இருந்தால் உங்கள் முகம் வாசலில் இருந்து தெரியக்கூடாது. "சார் உள்ளதான் இருக்கார்" என்று தெரிந்தால் யாரும் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார்கள்.

---

மஞ்சள்மண்டி:

சரி. 12 முதல் 19 வரை காலை 11.15 முதல் 12.45, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் 10.30-க்கே ஆரம்பம். 20-ம் தேதிக்கும் இதே நேரம் வைக்கலாமா?

---

கொங்குத்தம்பி:

வேண்டாங்க. 20-ம் தேதி ஒத்துப்பாக்கற வேலையே இருக்கக்கூடாது. அன்னைக்குச் சாயங்காலம் போர்ட்டல் இழுக்கும், ஓடிபி லேட்டா வரும். விட்டுப்போன நாலஞ்சு பேரை மதியம் 1 மணிக்குள்ள ஃபைல் பண்ணிடுங்க. அப்படியும் நின்னுபோச்சுன்னா நாளுக்கு 50 ரூபா லேட் ஃபீ, நில்லுன்னா 20. கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. அதனால பணம் பெருசா கட்ட வேண்டிய பார்ட்டியை முதல்ல தள்ளுங்க, நில்லை கடைசியில. காலாண்டுக்காரங்களுக்குத் தமிழ்நாட்டுல 22 வரைக்கும் இருக்கு, அவங்களை அன்னைக்கு உள்ளயே விடாதீங்க.

டிஎஸ்சி போடற சிஸ்டத்துல அதுக்கான எம்சைனர் சாஃப்ட்வேர் ஓடுதான்னு 16-ம் தேதியே ஒரு தடவை பார்த்துடுங்க. விண்டோஸ் அப்டேட் ஆச்சுன்னா சில சமயம் அது எழுந்திருக்காது.